நின்று பார்த்தவர்கள் எங்கே?

(வியாசர்பாடியில், கால்பந்துப் பயிற்சி பெறும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில், 2026 தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பயிற்சி முடித்த கையோடு பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த உரிமையில் நானும் பிரேசிலில் இருந்தே தொடங்குகிறேன்.

ரியோ டி ஜெனீரோ நகரில் மரக்கானா என்றொரு அரங்கம். 1950 உலகக் கோப்பைக்காகக் கட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலை 16ஆம் தேதி பிரேசிலும் உருகுவேயும் மோதிய ஆட்டத்தைக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். ஓர் அரங்கம் எப்படி இத்தனை பேரைக் கொண்டது என்று கேட்பீர்கள். மைதானத்தை ஒட்டி, இருக்கைகளுக்கெல்லாம் கீழே, வளையமாக ஒரு சிமெண்டுத் தளம் விட்டிருந்தார்கள். ஜெரால் என்று அதற்குப் பெயர். பொது என்று பொருள். நாற்காலி கிடையாது, தலைக்கு மேல் கூரை கிடையாது. இருப்பதிலேயே மலிவான டிக்கெட் அதற்குத்தான்.

அங்கே நின்றால் ஆட்டம் சரியாகத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தளம் அவ்வளவு தாழ்வு. கண்ணுக்கு நேரே ஆட்டக்காரர்களின் கால்கள்தான் ஓடும். எதிர்க்கோடியில் கோல் விழுந்ததா இல்லையா என்பதை மேலே இருப்பவர்கள் போடும் கூச்சலை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். அதனால் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு, தன் முன்னால் நடக்கிற ஆட்டத்தையே வர்ணனையிலும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். மழை வந்தால் நனைவார்கள். வேஷம் கட்டி வருகிறவர்கள் உண்டு. பந்து போகிற பக்கமெல்லாம் சுவரோரமாகக் கூடவே ஓடுகிறவர்கள் உண்டு. ஜெரால்தினோ என்று அவர்களுக்கு ஒரு பெயரே விழுந்தது. மரக்கானா என்றதும் உலகம் நினைத்துக்கொண்ட அந்த இரைச்சலில் பெரும்பங்கு அவர்களுடைய தொண்டையில் இருந்து வந்தது.

2005இல் ஜெராலை மூடிவிட்டார்கள். பிறகு 2014 உலகக் கோப்பைக்காக அரங்கத்தின் உட்பகுதியையே இடித்துக் கட்டி, ஏறக்குறைய 78,000 நாற்காலிகள் போட்டார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதே மரக்கானாவில் 1992இல் மேல்தளத்துக் கைப்பிடி உடைந்து மூன்று உயிர்கள் போயின. நாற்காலி வரட்டும், கூரை வரட்டும். ஆனால் நாற்காலியோடு நாற்காலிக்கான விலையும் வந்துவிட்டது. நின்று பார்த்தவர்களை யாரும் வாசலில் தடுக்கவில்லை. டிக்கெட் கவுண்டரே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

அதன் பலனை 2019இல் பார்த்தோம். தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்கா போட்டி பிரேசிலில் நடந்தது. ஜூன் 14ஆம் தேதி சாவோ பாலோவின் மொரும்பி அரங்கில் பிரேசிலுக்கும் பொலிவியாவுக்கும் முதல் ஆட்டம். காசு கொடுத்து வந்தவர்கள் 46,342 பேர். வசூல் பிரேசில் நாணயத்தில் 2 கோடியே 20 லட்சம் ரெயாலுக்கு மேல். அதுவரை பிரேசிலில் எந்தக் கால்பந்து ஆட்டத்துக்கும் அப்படியொரு வசூல் இருந்ததில்லை. ஆனால் அரங்கம் நிறையவில்லை. வசூலைத் தலைகளால் வகுத்துப் பாருங்கள்: ஒரு டிக்கெட் சராசரியாக 485 ரெயால். அந்த ஆண்டு பிரேசிலில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 998 ரெயால். ஒரு மாலை ஆட்டத்துக்கு அரை மாத உழைப்பு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் அந்த மாதம் வீட்டில் அடுப்பு எரியாது.

வந்தவர்கள் யார் என்பது இடைவேளையில் தெரிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. சொந்த மண்ணில், சொந்த அணியைப் பார்த்து, அரங்கம் ஊளையிட்டது. கடைசியில் பிரேசில் 3-0 என்று வென்றது, அது வேறு விஷயம். அந்த ஊளையைப் பலர் திட்டினார்கள். எனக்கு ஊளையிட்டவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஆனை விலை குதிரை விலை கொடுத்தவர் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்கத்தான் செய்வார். ஜெராலில் நின்றவரும் திட்டுவார்தான். ஆனால் அது வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற திட்டு.

எட்டு நாள் கழித்து, அதே போட்டியில், பெலோ ஹொரிசாண்டே நகரின் மினெய்ரோ அரங்கில் பொலிவியாவும் வெனிசுவேலாவும் ஆடின. சுமார் 60,000 பேர் உட்காரக்கூடிய இடத்தில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. யாருக்கும் தெரியாத அணிகள் ஆடினால் யார் வருவார்கள் என்று அமைப்பாளர்கள் வழக்கமாகக் கேட்பார்கள். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1993இல் நம் சென்னையில் நேரு கோப்பை என்ற சர்வதேசக் கால்பந்துப் போட்டி நடந்தபோது என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் இருந்த காசுக்குக் கிடைத்தது, வெயில் நேராக முகத்தில் அடிக்கிற கேலரி. வடகொரியா என்றொரு நாடு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பாதி ஆட்டத்துக்குள் நான் அவர்கள் கட்சி ஆகிவிட்டேன். அவர்கள்தான் அந்தக் கோப்பையை வென்றார்கள். வீடு வரும்வரை நானே வென்றதுபோலப் பேசிக்கொண்டு வந்தேன். டிக்கெட் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தால் தெரியாத அணிக்கும் ஒரு பையன் கிடைப்பான்.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். 2025 கோடையில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா அங்கே 32 கிளப் அணிகளைக் கூட்டி கிளப் உலகக் கோப்பை நடத்தியது. ஜூன் 16, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. அட்லாண்டாவில் லண்டன் அணியான செல்சீ ஆடுகிறது. ஏறக்குறைய 71,000 இருக்கைகள்; வந்தவர்கள் 22,137 பேர். வேலைநாள் பிற்பகலில் யார் வருவார்? ஆனால் அதே நேரம் லண்டனில் இரவு எட்டு மணி, டி.வி. பார்க்கத் தோதான வேளை. மறுநாள் ஆர்லாண்டோவில் தென்கொரியாவின் உல்சானும் தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டவுன்ஸும் ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 3,412 பேர். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: எல்லா ஆட்டமும் காற்று வாங்கவில்லை. பாரிஸ் அணி ஆடிய ஓர் ஆட்டத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் 80,000 பேர் வந்தார்கள். கால்பந்தின் மேல் ஆசை இல்லாத நாடு என்று அமெரிக்காவைத் தள்ளிவிட முடியாது. 1994 உலகக் கோப்பையில் அங்கே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 69,000 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த எந்த உலகக் கோப்பையும், 2022 வரை, அந்தச் சராசரியைத் தொடவில்லை.

அப்படியானால் 2025இல் கோளாறு எங்கே? விலையை நேரத்துக்கு நேரம் மாற்றுகிற முறையில். ஆள் அதிகம் கேட்டால் விலை ஏறும், கேட்காவிட்டால் இறங்கும். கோயம்பேட்டில் தக்காளி விலை மாறவில்லையா, இதில் என்ன தப்பு என்று படித்தவர்களே என்னிடம் வாதிடுகிறார்கள்.

தப்பு இருக்கிறது. தக்காளி விலை ஏறினால் என் வீட்டில் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்துவிடுவோம். என் அணியின் டிக்கெட் விலை ஏறினால் நான் வேறு அணிக்கு மாறிவிடுவேனா? மாற மாட்டான் என்று தெரிந்துதானே ஏற்றுகிறார்கள்.

அரையிறுதி செல்சீக்கும் ஃபுளுமினென்சேக்கும். ஃபுளுமினென்சே எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும்: ரியோ, மரக்கானாவில் ஆடுகிற அணி. அந்த ஆட்டத்தின் சாதாரண டிக்கெட் 473.90 டாலருக்கு விற்றது, அதாவது சுமார் 40,000 ரூபாய். வாங்க ஆளில்லை. சில நாள்களுக்குள் அதே டிக்கெட் 13.40 டாலர், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். யார் 473 கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அணி ஜெயித்த இரவே தூங்காமல் உட்கார்ந்து வாங்கியவர். கடன் வாங்கியாவது போய்விட வேண்டும் என்று துடித்தவர். யார் 13 கொடுத்திருப்பார்கள்? பொழுது போகவில்லை, போய்த்தான் பார்ப்போமே என்று கடைசி நேரத்தில் வந்தவர். பாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிக அபராதம். இதைவிட அநியாயமான விலைப்பட்டியலை நான் பார்த்ததில்லை. அன்று செல்சீக்காக இரண்டு கோல் போட்ட ஜோவாவ் பெட்ரோ, ஃபுளுமினென்சேயில் வளர்ந்த பையன். கோல் போட்டுவிட்டு அவன் கொண்டாடவில்லை; கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றான். வளர்த்த கூட்டத்துக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

விலை ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க மக்களுக்கென்றே 140 ராண்டுக்கு டிக்கெட் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் இணையத்திலும் வங்கிப் படிவத்திலும் விற்றார்கள். கிரெடிட் கார்டு இல்லாத, கம்ப்யூட்டர் இல்லாத குடும்பங்கள் எங்கே போகும்? விற்பனை மந்தம் என்று கவலைப்பட்டவர்கள், ஏப்ரல் நடுவில் கவுண்டரைத் திறந்தார்கள். இரவெல்லாம் வரிசை நின்றது, கம்ப்யூட்டர்கள் திணறின. ஆசை அங்கேயேதான் இருந்தது. கேட்க ஒரு ஜன்னல்தான் இல்லை.

மும்பையில் நடந்தது இன்னொரு வகை. 2018 ஜூன் 1, நான்கு நாடுகள் ஆடிய போட்டி. சீன தைபே (தைவான்) அணியை இந்தியா 5-0 என்று வென்றது, சுனில் சேத்ரி மூன்று கோல். பார்த்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் அரங்கத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த ஆட்டம் கென்யாவோடு, அவருக்கு அது நூறாவது ஆட்டம். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. நாட்டின் அணித் தலைவன் தெருவில் நின்று கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம். அதே இந்தியாவில்தான் அதற்கு முந்தைய ஆண்டு, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைப் பதின்மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் பார்த்தார்கள். மழையில் குவாஹாட்டி மைதானம் கெட்டுப்போய், பிரேசில்–இங்கிலாந்து அரையிறுதியை இரண்டே நாள் இருக்கும்போது கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு நாளில் 60,000 பேர் திரண்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கு!

இந்த ஜூனில் உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் நடக்கப்போகிறது. போட்டியை நடத்தும் உரிமை கேட்டு 2018இல் கொடுத்த ஆவணத்தில், குறைந்த டிக்கெட் 21 டாலர், இறுதி ஆட்டத்தின் உயர்ந்த டிக்கெட் 1,550 டாலர் என்று எழுதியிருந்தார்கள். 2025 டிசம்பரில் நாடுகளின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய டிக்கெட்டின் விலை வெளியானது. இறுதி ஆட்டத்தின் ஆகக் குறைந்த டிக்கெட் 4,185 டாலர். மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்! வாங்கியவர் ஃபிஃபாவின் தளத்திலேயே மறுவிற்பனை செய்தால், விற்கிறவரிடம் 15 சதவீதம், வாங்குகிறவரிடம் 15 சதவீதம் ஃபிஃபா எடுத்துக்கொள்கிறது. பிளாக்கில் விற்பவனைப் பிடித்து உள்ளே போட்ட ஊரில் வளர்ந்தவன் நான். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹைட்டியை நினைத்தால் மனசு ஆறவில்லை. 1974க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள். தகுதி ஆட்டங்களைக்கூட உள்நாட்டுக் கலவரத்தால் வேறு நாட்டில்தான் ஆடினார்கள். ஹைட்டி நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழைய 2025 ஜூனில் தடை விதித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு, ரசிகர்களுக்கு இல்லை. காசு இருந்தாலும் அந்த நாற்காலி அவர்களுக்கு இல்லை.

என்ன செய்ய முடியும் என்று பின்வரிசையில் ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். 2016இல் அந்த அணி நிர்வாகம், உயர்ந்த டிக்கெட்டை 77 பவுண்டு ஆக்கப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 6ஆம் தேதி சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னிலை. சரியாக 77ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் தன் அணியை விட்டுவிட்டு எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மீதி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கு நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றார்கள்.

போன டிசம்பரிலும் அதுதான் நடந்தது. ஐரோப்பிய ரசிகர் அமைப்புகள் துரோகம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். நாலாபக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. இறுதி ஆட்டம் உட்பட எல்லா ஆட்டத்துக்கும் 60 டாலரில் ஒரு டிக்கெட் வகையை ஃபிஃபா அறிவித்தது. ஓர் அணிக்கு ஒதுக்கும் டிக்கெட்டில் பத்தில் ஒரு பங்குதான் அது. கணக்குப் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்குச் சில நூறு பேர்.

ஜூனில் டி.வி. பார்க்கும்போது அந்தச் சில நூறு பேரைத் தேடிப் பாருங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு மூலையில் இருப்பார்கள். கண்டுபிடிப்பது எளிது, நாற்காலி இருந்தும் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.