ரப்பர் விலையும் பேரன் படமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன் கையில் இருந்தால் கேலரியைத் திறந்து, போன மாதம் வரைக்கும் தள்ளிப் பாருங்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடிப் பாலத்தில் குடும்பத்தோடு நின்ற படம் ஒன்று இருக்கும். அதை ஒட்டியே கரண்ட் பில் கட்டிய ரசீது. பக்கத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் டிக்கெட். அப்புறம் யாரோ ஸ்டேட்டஸில் போட்ட கஷாயக் குறிப்பு, ரப்பர் விலை, ஒரு ஓடிபி, திரும்பவும் ரப்பர் விலை, சுசீந்திரம் தேர், மறுபடியும் ரப்பர் விலை. குலசேகரம் பக்கத்து ஆளாக இல்லாவிட்டால் ரப்பருக்குப் பதில் தோவாளைப் பூ விலை இருக்கும், அவ்வளவுதான்.

நான் நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். படம் எடுக்கிற வேலை இப்போது பாதிதான். மீதிப் பாதி, அவரவர் எடுத்த படத்தை அவரவர் போனிலேயே தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது. அறுபதாம் கல்யாணத்துக்கு ஆல்பம் போட வேண்டும் என்பார்கள். பதினாறாம் நாளுக்குள் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுத் தர வேண்டும் என்பார்கள். "மக்ளே, இதுக்குள்ளதான் எங்கியோ கெடக்கு, நீயே பாத்து எடு" என்று ஒரு பாட்டி போனை மேசையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்றில் ஒன்று ஸ்கிரீன்ஷாட், அதாவது போன் திரையை அப்படியே பிடித்த படம். அவ்வளவும் இணையத்தில் நம் படங்களைச் சேமித்து வைக்கிற கிளவுடிலும் ஏறி, போட்டோக்களோடு தேதி வரிசையில் கலந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் இன்று சொல்ல வந்தது இதுதான். கேமராவில் எடுத்த படம் கிளவுடுக்குப் போகட்டும். ஸ்கிரீன்ஷாட் போக வேண்டாம். ஏற்றிவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. ஏறுவதற்கு முன்பே பிரிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இடம் அடைக்கிறது என்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கூகுள் கணக்கில் நமக்கு இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. போட்டோஸ், ஜிமெயில், டிரைவ் மூன்றும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். 2021 ஜூன் 1க்கு முன்பு, கொஞ்சம் தரம் குறைத்து ஏற்றினால் படங்கள் கணக்கிலேயே சேராது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் இடத்தை விழுங்குவது பெரும்பாலும் வீடியோக்கள்தான். கோயில் கொடையில் வில்லுப்பாட்டை அரைமணி நேரம் எடுத்து வைத்திருப்போமே, அதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பொடி. இருந்தாலும் 15 ஜிபி நிரம்பிவிட்டால் பேக்கப், அதாவது போனிலிருந்து படம் தானாகக் கிளவுடுக்கு ஏறுவது, நிற்பதோடு போகாது, ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். துபாயில் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மெயிலுக்குக் காத்திருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு இடத்தைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது ஆயுள். ரப்பர் விலை ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஆயுள் ஒரு நாள். ஷீட்டை இன்று விற்கலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று முடிவு எடுத்ததும் அதன் வேலை முடிந்தது. தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் கடலுக்குப் போகிறவர்கள் கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிலையம் தரும் அலை எச்சரிக்கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அதன் ஆயுளும் எச்சரிக்கையில் போட்டிருக்கிற மணி வரைதான். சொல்லப்போனால் அதை வைத்திருப்பதே ஆபத்து. தேதி இருக்கிற மேல்பகுதியை வெட்டிவிட்ட பழைய கள்ளக்கடல் (திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை ஒன்று குரூப்பில் சுற்றினால், இன்று கடல் அமைதியாக இருக்கும்போது வள்ளம் கரையில் கிடக்கும். ரெண்டு தடவை அப்படி நடந்தால் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். பேரனுக்குச் சோறு ஊட்டிய படம் அப்படியா? அதற்கு இருபது வருஷம் கழித்துத்தான் மதிப்பே கூடும்.

சரி, எப்படிப் பிரிப்பது? ஆண்ட்ராய்டு போனில் கேமரா எடுக்கிற படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டருக்குள், கேமரா என்ற உள் ஃபோல்டரில் போய் விழும். இந்த டிசிஐஎம் போனுக்காக வந்த ஏற்பாடு இல்லை. டிஜிட்டல் கேமராக்கள் எல்லாம் ஒரே மாதிரி படத்தைச் சேமிக்க வேண்டும் என்று 1998இல் ஜப்பானில் வகுத்த முறை. அன்றைக்கு ஸ்டுடியோவில் மெமரி கார்டைச் செருகினால் தெரிந்த அதே பெயர்தான் இன்று உங்கள் போனிலும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் அந்தக் கேமரா ஃபோல்டரில் விழாது. ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று அதற்கு ஒரு தனி ஃபோல்டர் உண்டு. வாட்ஸ்அப்பில் வருவதற்கு வேறு ஒன்று. ஆக, போன் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கிளவுடில் கொண்டுபோய்க் கலப்பது நாம்.

கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கிற வட்டத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ் போய், பேக்கப் என்பதற்குள் நுழைந்தால், பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே போனில் இருக்கிற ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். கேமரா தானாகவே ஏறும். மற்றவை நாம் அனுமதித்தால்தான் ஏறும். என்றைக்கோ அது கேட்டபோது படிக்காமல் சரி என்று தட்டியிருப்போம். ஸ்கிரீன்ஷாட்ஸ் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அணைத்துவிடுங்கள். வேலை முடிந்தது. சில நிறுவனங்களின் போன்களில் ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டர் டிசிஐஎம்முக்குள்ளேயே இருக்கும். கூகுள் போட்டோஸில் அது தனியாகத்தான் தெரியும், கவலை இல்லை. ஆனால் வேறு பேக்கப் ஆப் வைத்து, டிசிஐஎம் முழுவதையும் ஏற்று என்று சொல்லியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் கூடவே போய்விடும். அங்கே கேமரா ஃபோல்டரை மட்டும் காட்டுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதிகம் பேருக்கு இருக்கிற சிக்கல் அது. மகன் குவைத்தில், மருமகன் கப்பலில், பேரன் பட்டாளத்தில். பிள்ளை பிறந்த அன்று அப்பா பக்கத்தில் இல்லை. வீடியோ காலில் பிள்ளையைக் காட்டுகிறார்கள். திரையின் மூலையில் அந்த அப்பாவின் முகம், சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாது. பாட்டி சட்டென்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுகிறார். அது வெறும் ஸ்கிரீன்ஷாட்டா? அந்த மூன்று தலைமுறையும் சேர்ந்து இருக்கிற ஒரே படம் அதுவாக இருக்கலாம். ஆல்பத்துக்கு முதலில் கேட்பதும் அதைத்தான். ஃபோல்டரை மட்டும் பார்த்துப் பிரித்தால் இந்தப் படம் ஓடிபிக்களோடு சேர்ந்து போய்விடும்.

அதனால் கேலரியில் குடும்பம் என்ற பெயரில் ஒரு புது ஃபோல்டர் உண்டாக்குங்கள். ஆல்பம் என்றும் சில போன்களில் சொல்லும். இப்படிப்பட்ட படம் எடுத்த அன்றே அதை அங்கே நகர்த்துங்கள்; காப்பி வேண்டாம், மூவ் என்று கொடுங்கள். நகர்த்தியபின் நான் சொன்ன அதே பேக்கப் பட்டியலில் குடும்பம் என்ற ஃபோல்டரும் வந்து நிற்கும். அதன் பொத்தானைப் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் நல்ல படங்களுக்கும் இதே வழிதான். வாட்ஸ்அப் ஃபோல்டர் முழுவதையும் ஏற்றினால் ஊரில் உள்ள அத்தனை குட்மார்னிங் பூவும், மற்றவர்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் உங்கள் கணக்கில் வந்து குடியேறும்.

வாட்ஸ்அப் என்றதும் தொழில்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் வருகிற படம் சுருக்கப்பட்டு வருகிறது. எப்போது, எங்கே எடுத்தது என்ற குறிப்புகளும் கழன்றுவிடுகின்றன. ஆல்பத்துக்கு வேண்டிய படம் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட மோசம், நல்ல படத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. அக்கா ஸ்டேட்டஸில் போட்ட கல்யாணப் படத்தை நிறையப் பேர் அப்படித்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் படுக்கையாக எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள். 1080 புள்ளி அகலம் உள்ள போனை நிமிர்த்திப் பிடித்து அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், படத்துக்குக் கிடைப்பது 1080க்கு 810. பதினான்கு பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 300 புள்ளிக்கு ஓர் அங்குலம் என்று நாங்கள் பிரிண்ட் போடுவோம். அந்தக் கணக்கில் மூன்றரை அங்குல அகலத்துக்குமேல் இழுத்தால் முகம் கலங்கிவிடும். சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதற்கே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டு மூலப்படத்தை வாங்கிவிடலாம்.

ஐபோனில் இந்த ஃபோல்டர் வழி இல்லை. ஐகிளவுட் போட்டோஸ் போட்டால் எல்லாம் ஏறும், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நிறுத்து என்று சொல்ல வசதி கிடையாது. இலவச இடமும் 5 ஜிபிதான். ஆனால் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று ஆல்பம் தானாகவே பிரிந்து நிற்கும், மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து காலி செய்யலாம். எடுத்த உடனே இடது மூலையில் வரும் சின்னப் படத்தைத் தொட்டு, டன் கொடுத்தால், காப்பி எடுத்துவிட்டு அழித்துவிடு என்று ஒரு வழியும் காட்டும். வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பிவிட்டால் போதும், போட்டோக்களுக்குள் அது போகவே போகாது.

ஸ்கிரீன்ஷாட்டைக் கிளவுடில் வைக்காவிட்டால் போன் தொலைந்த அன்று என்ன செய்வது என்று கேட்பீர்கள். எது போனால் உண்மையில் நஷ்டம் என்று பாருங்கள். யுபிஐயில் பணம் போட்டதற்கான 12 இலக்க எண் அந்த ஆப்பிலேயே இருக்கிறது, வங்கிக் கணக்கு விவரத்திலும் இருக்கிறது. ரயில் டிக்கெட் உங்கள் பதிவுக் கணக்கில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், ஆர்சி எல்லாம் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் எடுக்கலாம். அங்கே காட்டுவதற்குச் சட்டப்படி அசல் மதிப்பு உண்டு. உரிமத்தை ஸ்கிரீன்ஷாட்டாகக் காட்டினால் அந்த மதிப்பு இல்லை. பட்டாவை அரசின் இணையதளத்தில் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் அப்பால் நாலைந்து மிஞ்சும். அவற்றை டிரைவில் ஒரு ஃபோல்டரில் பெயர் எழுதிப் போடுங்கள். பெயர் இல்லாமல் தேதி எண்ணோடு கிடக்கிற ஸ்கிரீன்ஷாட்டைத் தேவைப்படும் நேரத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

இன்னொரு விஷயம் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன். படம் எடுத்துத் தரச் சொல்லி நீங்கள் போனை எங்களிடம் நீட்டும்போது, பேரன் படத்தோடு உங்கள் வங்கி இருப்பு, ஆதார் எண், ஏடிஎம் ரகசிய எண் எழுதிய காகிதம், பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றித் தங்கைக்கு அனுப்பிய உரையாடல் எல்லாம் எங்கள் கண்ணில் படுகின்றன. நாங்கள் பார்க்காததுபோலத் தாண்டிவிடுவோம். எல்லோரும் தாண்டுவார்களா? கூகுள் போட்டோஸைக் கணவன் மனைவி பகிர்ந்துகொள்கிறார்கள், டிவியில் ஓடவிடுகிறார்கள். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது அடகு ரசீது டிவியில் வந்து நிற்கும். மனிதர்கள் மட்டும் இல்லை. கேலரிக்குள் நுழைந்து படங்களில் உள்ள எழுத்தைப் படித்து ரகசியச் சொற்களைத் திருடுகிற ஆப்களை 2025 பிப்ரவரியில் கேஸ்பர்ஸ்கை நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. ஸ்பார்க்கேட் என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் அதிகாரபூர்வக் கடைகளிலும் அது புகுந்திருந்தது. கடவுச்சொல்லை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே ஏறிவிட்ட பழையவை. பொத்தானை அணைத்தால் இனிமேல் ஏறாது, அவ்வளவுதான். ஏறியது அங்கேயே இருக்கும். கூகுள் போட்டோஸின் தேடல் பெட்டியில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்று தேடினால் திரண்டு வரும். குடும்பம் ஃபோல்டருக்குப் போக வேண்டியதை முதலில் நகர்த்திவிட்டு மற்றதை அழியுங்கள். ஒன்று கவனம்: கூகுள் போட்டோஸில் அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். போனோடு வந்த கேலரியில் அழித்தால் சில போன்களில் கிளவுடில் அப்படியே இருக்கும். அழித்தேனே, திரும்ப வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்கள் இதில் மாட்டியவர்கள்தான். அழிக்கப் பயமாக இருந்தால் ஆர்க்கைவ் கொடுங்கள். கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும், ஆனால் இடம் குறையாது. தெரியாமல் எதையாவது அழித்துவிட்டாலும், பேக்கப் ஆன படம் கூகுளின் டிராஷில் 60 நாள் கிடக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டாம். பழைய வருஷத்திலிருந்து தொடங்குங்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய ரப்பர் விலையை அழிக்க யாருக்கும் கை தயங்காது.

வணக்கம்.