"மேஜை முன்னால் உட்கார வைத்தாலே அழுகிறான்": நெல்லிக்குப்பம் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி நெல்லிக்குப்பத்தில் இருந்து வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு அம்மா. பையனுக்கு 6 வயது, ஆட்டிசம். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குத் தெரபிக்குக் கூட்டிப் போகிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"மிஸ், வீட்டிலும் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேஜை முன்னால் உட்கார வைத்தாலே அழுகிறான், கார்டையெல்லாம் தட்டிவிடுகிறான். நானும் கத்திவிடுகிறேன். செய்யாமல் விட்டால் என்னால்தான் பிள்ளை பின்தங்கிப் போனான் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மூன்றாவது படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கவனிக்கவே முடியவில்லை. மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். மற்றவர்கள் எல்லாம் பிள்ளையோடு சிரித்து விளையாடுகிறார்கள், எனக்கு அந்த நாள் வருமா?"

சரி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். மேஜையை ஓரமாகத் தள்ளிப் போடுங்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் பல் துலக்குவதில் இருந்து ராத்திரி பாய் விரிப்பது வரை உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள் அதைப் பிரித்துப் போடுங்கள் என்கிறேன்.

உங்களுக்குச் சமாதானம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஓர் இடத்தில் கற்றது அந்த இடத்தோடேயே நின்றுவிடும். தெரபி அறையில் சிவப்புக் கார்டைச் சரியாக எடுத்துக் கொடுப்பான். வீட்டுக்கு வந்து "அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துக்கிட்டு வா" என்றால் நிற்பான். பிடிவாதம் என்று நினைப்போம். அவனைப் பொறுத்தவரை அது வேறு, இது வேறு. ஆகவே எந்தத் திறமை எங்கே தேவையோ அங்கேயே கற்றுக் கொடுத்தால் பாதி வேலை மிச்சம். துண்டைக் குளியலறையில்தான் கற்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது தெரபிஸ்டிடம் ஒன்று கேளுங்கள்: "இந்தப் பயிற்சி எதற்காக?" மணி கோர்ப்பது எதற்கு என்றால், விரல் நுனியால் பிடிக்கப் பழகுவதற்கு என்பார். நல்லது. அந்தப் பிடியை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிப்பதிலும், முருங்கைக்கீரை உருவுவதிலும், துணிக் கொடியில் கிளிப் மாட்டுவதிலும் வாங்கலாம். களிமண் எதற்கு என்று கேளுங்கள். சப்பாத்தி மாவு அதற்குப் போதும். தண்ணீர் வாளியைத் தூக்கி வருவது, அரிசிப் பையை இழுப்பது மாதிரி உடம்புக்குப் பாரம் தருகிற வேலை சில பிள்ளைகளை அமைதிப்படுத்தும். உங்கள் பையன் அப்படியா என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

டவுசர் போடுவதை எடுத்துக்கொள்வோம், எல்லா வீட்டிலும் காலையில் சண்டை வருகிற இடம் அதுதான். நாம் பொதுவாக முதலில் இருந்து கற்றுக் கொடுப்போம். காலை நுழை, இழு, மேலே தூக்கு என்று. முதல் படியிலேயே அவன் தடுமாறுவான், பள்ளி வேன் வந்துவிடும், நாமே மாட்டிவிடுவோம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இரண்டு காலையும் நீங்களே நுழைத்து, முட்டிக்கு மேலே வரை இழுத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். இழுத்தான், வேலை முடிந்தது, முடித்தவன் அவன். அது சுலபமானதும் முட்டிக்குக் கீழே நிறுத்துங்கள். அப்புறம் கணுக்காலில். ஒவ்வொரு நாளும் ஜெயித்த கையோடு கிளம்புவான். சட்டைப் பட்டனும் இப்படித்தான், கடைசிப் பட்டன் முதலில். சிறப்புக் கல்வியில் இது நீண்ட காலமாக இருக்கிற முறை. ஆனால் பல வீடுகளில் இதைச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை.

பேச்சு விஷயத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். "இது என்ன? இது என்ன? சொல்லு, சொல்லு" என்று நாள் பூராவும் கேட்பது. நம்மையே ஒருவர் காலையில் இருந்து பரீட்சை வைத்தால் அந்த வீட்டுக்குப் போவோமா? கேட்பதற்குப் பதிலாக, அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையை உண்டாக்குங்கள். தோசை பிடிக்கும் என்றால் முழுத் தோசையைத் தட்டில் போடாதீர்கள். ஒரு துண்டு. தின்று முடித்ததும் நீங்கள் பேசாமல் இருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அந்தப் பத்து ரொம்ப நீளம், உடனே வாய் திறந்துவிடுவோம். பொறுங்கள். உங்கள் கையை இழுப்பான், தட்டைத் தள்ளுவான், "தோ" என்று ஏதாவது சத்தம் வரும். அது பேச்சுதான். உடனே "தோசை!" என்று சொல்லிக் கொடுங்கள். வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி ஆகாது. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் பேசவும் ஆசை வரும்.

அவ்வளவு வேலையையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். இந்த மாதம் டவுசரும் தோசையும். அது போதும். மற்ற நேரம் நீங்கள் அம்மா, அவ்வளவுதான்.

மாமியார் வசம்பு பற்றி. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வாய்க்குள் தேய்ப்பதால் பேச்சு வந்துவிடாது. ஆனால் அவரை எதிர்க்கட்சி ஆக்கிவிடாதீர்கள். அந்த அம்மாவுக்கும் பேரன் பேச வேண்டும் என்கிற தவிப்புதான், கையில் இருக்கிற வைத்தியத்தைச் சொல்கிறார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மல்லாட்டை உரிக்கிற பயிற்சி ஆயாவுடைய பொறுப்பு என்று வையுங்கள். ஆயாவும் பேரனும் திண்ணையில் முறத்தைப் போட்டு உட்கார்ந்தால் எந்தத் தெரபி அறையிலும் கிடைக்காத பொறுமை அங்கே கிடைக்கும். வசம்பாவது பக்கத்துக் கடையில் கிடைக்கிற சரக்கு. "முழுக்கக் குணமாக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள்தான் அதைவிட ஆபத்து. ஆட்டிசத்தை இல்லாமல் ஆக்குகிற மருந்து எதுவும் இல்லை. ஸ்டெம் செல் ஊசி என்று நகையை அடகு வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தூக்கமின்மை, வலிப்பு மாதிரி கூட வருகிற பிரச்சினைகளுக்கு மருந்து உண்டு, அதை மருத்துவர் பார்த்துத் தருவார். அப்புறம், மாசமாக இருந்தபோது நீங்கள் கவலைப்பட்டதால் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று யாராவது சொன்னால், அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள். தாய் மேல் பழி போட்ட அந்தப் பழைய கருத்தை மருத்துவ உலகம் எப்போதோ தள்ளிவிட்டது.

சிரிக்கிற நாள் வருமா என்று கேட்டீர்கள். இதற்குப் பதிலாக ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கடலூர்ப் பையன், உங்களை மாதிரியே புதுச்சேரிக்குத் தெரபிக்குப் போகிறவன். வாயில் வார்த்தை அதிகம் கிடையாது. ஆனால் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் போதும், கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று கண்டக்டர் வாய் திறப்பதற்கு முன்னால் இவன் சொல்வான். ஒன்று விடாது. கண்டக்டருக்கே இவன் ஏறினால் குஷி, "இன்னிக்கு எனக்கு லீவு, நீயே பாத்துக்க" என்பார். ஒரு நாள் சாலை வேலைக்காக வண்டியை வேறு வழியில் திருப்பினார்கள். பாதி ஊர் வரவே இல்லை. பையன் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, அவன் அம்மா நடுவழியில் இறங்கி அழுதிருக்கிறார். அந்த அம்மாதான் இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது இரண்டு இடத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒரே குணத்தில் இருந்து வருவதைப் புரிந்துகொண்டவர் அவர். வழக்கம் மாறாத வரைக்கும் அவன் ராஜா.

அந்த மாதிரி ஏதோ ஒன்று உங்கள் பையனிடமும் இருக்கும். மிக்ஸி சுற்றுவதைப் பார்ப்பது, ஒரே பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்பது, மூடிகளை வரிசையாக அடுக்குவது. அதைப் போக்க வேண்டிய கெட்ட பழக்கம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அவன் அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடி வையுங்கள். தட்டிவிட்டால் பரவாயில்லை. என்றைக்காவது நீங்கள் வைப்பதற்காக அவன் காத்திருப்பான். அதற்குக் கணக்கு எழுத வேண்டாம், ஸ்கோர் ஷீட் வேண்டாம்.

பஸ்ஸில் முறைக்கிறவர்களுக்கு ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். "இவனுக்கு ஆட்டிசம், சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்குவான்." இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சில்வர் பீச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் நமக்கே தலை சுற்றும். விடியற்காலையில் கூட்டிப் போங்கள். மாசி மகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

பீச் என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆழம் என்றால் பயம் கிடையாது. நம் பக்கம் கடல், கெடிலம், பெண்ணையாறு, வாய்க்கால், வயல் கிணறு என்று எங்கே பார்த்தாலும் தண்ணீர். வாசல் கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். அக்கம்பக்கத்தில் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள்: இவன் தனியாக வெளியே வந்தால் கையைப் பிடித்து நிறுத்தி எனக்குப் போன் போடுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற பக்கம் ஓடுங்கள்.

புயல் காலமும் இந்தப் பிள்ளைகளுக்குச் சோதனைதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, பள்ளி இல்லை. நாம் தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்று பார்ப்போம், அவனுக்கு டிவி ஏன் வரவில்லை என்பதுதான் உலகப் பிரச்சினை. ஐப்பசி பிறந்ததும் "மழை நாள்" என்று நாலு படம் ஒட்டிய அட்டை ஒன்று செய்து வையுங்கள். டார்ச், பாய், பிடித்த தின்பண்டம், ஆயா. முன்கூட்டியே காட்டிப் பழக்கினால் கொஞ்சம் தாங்குவான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரபிக்கு எல்லை தாண்டிப் போகலாம், ஜிப்மருக்கும் போகலாம், ஆனால் உதவித்தொகைக்கு உங்கள் ஊர் கடலூர் மாவட்டம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இல்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள், அது நாடு முழுக்கச் செல்லும். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் இருந்து மாதம் 2,000 ரூபாய். பையனுக்குத் தகுதி இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் சேரக்கூடிய மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் உங்கள் பக்கமும் இருக்கும், அங்கே சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், போய்ப் பாருங்கள். அங்கே பயிற்சி கிடைத்தால் வாரத்தில் ஒரு நாள் புதுச்சேரிப் பயணம் மிச்சமாகும். அந்த அரை நாளை நீங்கள் தூங்கக் கூடப் பயன்படுத்தலாம், ஒன்றும் தப்பில்லை.

அந்த அரை நாளில் இருந்து கொஞ்சம் உங்கள் பெண்ணுக்கும் போக வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்கிற குட்டி அம்மாவாக அவளை ஆக்கிவிடாதீர்கள். தம்பிக்கு என்ன என்று அவளிடம் பெயர் சொல்லியே சொல்லுங்கள், எட்டு வயதுக்கு அது புரியும். "எனக்கு அவனைப் பிடிக்கவில்லை" என்று ஒரு நாள் சொல்வாள், திட்டாதீர்கள். அவளோடு மட்டும் கடைத்தெருவுக்கு நடந்து போய் வருகிற நேரம் ஒன்று வாரத்தில் இருக்கட்டும், அப்போது பேச்சில் தம்பி வரக்கூடாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், மாமியார் இருக்கிறார், மகள் இருக்கிறாள், பையனுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறாரா, ஊரிலேயே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஊரில் இருந்தால் டவுசர் வேலை அவருடையது. காலையில் குளிப்பாட்டி உடுத்துவதை முழுக்க அவரிடம் விட்டுவிடுங்கள், சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். வெளிநாட்டில் இருந்தால், வீடியோ காலில் பணம் வந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தினம் ஒரே நேரத்தில் அழைத்து அவனோடு ஒரே விளையாட்டை விளையாடச் சொல்லுங்கள். இந்த வீடியோவை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

சரி, அடுத்து பண்ருட்டியில் இருந்து ஒரு அப்பா, பிள்ளை ராத்திரியில் தூங்குவதே இல்லை என்று கேட்டிருக்கிறார். அதற்குப் போகலாம்.