தங்கவயலின் ஆழத்தில் ஒரு தேடல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் உள்ளங்கையைக் கொஞ்சம் விரித்து வையுங்கள். ஒவ்வொரு நொடியும், ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில், மியூவான் என்ற துகள் அந்தக் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதுவதால் பிறப்பவை இவை. கூரையும் சுவரும் இவற்றுக்குத் தடையே இல்லை. நமக்கு இவற்றால் தொந்தரவு கிடையாது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வரும், வராமலும் போகும் என்ற அளவுக்கு அபூர்வமான ஒன்றைத் தேடுகிறவர்களுக்கு, இவை ஓயாத இடைஞ்சல். அதனால்தான் அவர்கள் பூமிக்குள் இறங்குகிறார்கள்.

துகள் இயற்பியல் என்றதும் ஜெனீவா அருகே துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் வளையம்தான் பலருக்கு நினைவு வரும். 2012-இல் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்த இடம். அது பெருமைக்குரியதுதான். ஆனால் எனக்குப் பேச ஆசையாக இருப்பது கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்த ஊர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. சூடும் அதிகம், பாறைவெடிப்பு அபாயமும் அதிகம்.

1951-இல் ஹோமி பாபாவின் மாணவர் பி.வி. ஸ்ரீகண்டன் அங்கே கருவிகளோடு இறங்கினார். எவ்வளவு ஆழம் போனால் மியூவான்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளப்பதுதான் வேலை. 1960-களின் தொடக்கத்தில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தார் இன்னும் ஆழத்தில் கருவியை வைத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வேறு யாராவது என்றால் சோர்ந்திருப்பார்கள். இவர்களுக்கோ அது நல்ல செய்தி. இடைஞ்சல் இல்லாத இடம் கிடைத்துவிட்டதே! அங்கே ஏதாவது பதிவானால், அது நியூட்ரினோ கொண்டுவந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. நியூட்ரினோ என்பது பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடக்கூடிய துகள். அபூர்வமாக எப்போதாவது ஒன்று பாறையில் மோதி ஒரு மியூவானை உண்டாக்கும்.

அதை அவர்கள் அடையாளம் கண்ட விதம் இருக்கிறதே, அது எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வளவு ஆழம் வரை தப்பி வருகிற சாதாரண மியூவான், அநேகமாக நேர் மேலிருந்துதான் வரும். பக்கவாட்டில் வரவேண்டுமென்றால் இன்னும் பல மடங்கு பாறையைக் கடக்க வேண்டும். அது முடியாத காரியம். ஆகவே கருவியைச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்தார்கள். நடுவில் வரிசை வரிசையாக நியான் குழாய்கள். துகள் போன வழியில் உள்ள குழாய்கள் மட்டும் ஒளிரும், கேமரா படம் பிடிக்கும். படத்தில் கோடு படுத்துக் கிடந்தால், வந்தது நியூட்ரினோவால் பிறந்த மியூவான். எவ்வளவு எளிமை பாருங்கள்.

1965-இல் அந்தக் கோடு கிடைத்தது. மும்பை, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடத்தாரும் சேர்ந்து செய்த வேலை. அதே ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தங்கச் சுரங்கத்துக்குள் அமெரிக்கர் ஃபிரெட் ரைன்ஸின் குழுவும் இதையே கண்டது. நியூட்ரினோவை அணு உலை அருகே முதன்முதலில் பிடித்துக் காட்டியவர்களில் ஒருவர் அவர். இரண்டு கட்டுரைகளும் ஆகஸ்ட் மாதத்திலேயே வெளியாயின. கோலார் கட்டுரை இரண்டு வாரம் முந்தியது. வானத்திலிருந்து வந்த நியூட்ரினோவை மனிதன் முதன்முதலாகக் கண்டது இந்த இரண்டு சுரங்கங்களில்தான். மறுபடி சொல்கிறேன், அதில் ஒன்று நம் தங்கவயல். பள்ளிப் பாடத்தில் இது வரவேண்டும் என்று எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டேன். இன்றும் சொல்கிறேன்.

சரி, இதற்கும் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கும் என்ன உறவு? 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகப் பிறந்திருக்க வேண்டும். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஒளியாகிவிடும். அப்படியானால் எதுவுமே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் நாம் இருக்கிறோம். எங்கோ நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்தக் கூடுதல் எப்படி வந்தது? அதற்கு என்னென்ன தேவை என்று 1967-இல் ரஷ்யர் ஆந்திரேய் சகாரோவ் எழுதினார். அதில் ஒன்றை ஒட்டி, அழியாதது என்று நாம் நம்பும் புரோட்டானும் ஒருநாள் சிதையக்கூடும் என்ற எண்ணம் வலுத்தது.

அதன் ஆயுள் ஒன்றுக்குப் பின்னால் முப்பது சுழி போட்ட ஆண்டுகள் என்று 1970-களில் கணக்கிட்டார்கள். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? ஓர் ஊரில் சாவு விகிதம் அறிய ஒரே ஆளை எண்பது வருடம் கவனிக்க வேண்டாம், ஊர் முழுவதையும் ஒரு வருடம் கவனித்தால் போதும். அதே முறைதான் இங்கும், ஏராளமான புரோட்டான்களை ஒரே இடத்தில் வைத்துக் கவனிப்பது. 1980-இல் தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள கருவியைக் கட்டினார்கள். இரும்புத் தகடுகளுக்கு நடுவே வாயு நிரப்பிய சதுரக் குழாய்கள், ஏறத்தாழ 1,600. அத்தனையும் சுரங்கத்துக் கேஜ், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். உலகில் இதற்காகவே கட்டிய முதல் கருவிகளில் அதுவும் ஒன்று. சில நிகழ்வுகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அவர்கள் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த பெரிய கருவிகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

எனக்குச் சைகை வந்துவிட்டது, இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். ஜப்பானைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். புரோட்டானுக்காக அங்கே கட்டிய கமியோகாண்டே என்ற கருவி, 1987-இல், வெடித்த ஒரு விண்மீனின் நியூட்ரினோக்களைப் பிடித்தது. அடுத்து வந்தது, 50,000 டன் தண்ணீர் கொண்ட சூப்பர் கமியோகாண்டே. புரோட்டான் சிதைவதை அதுவும் இன்றுவரை பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய ஹைப்பர் கமியோகாண்டே இப்போது தயாராகிறது. ஜெனீவாவிலும் 2025-இல் எல்.எச்.சி.பி. குழுவினர், புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த ஒரு கனமான துகளும் அதன் எதிர்த்துகளும் சிதைவதில் சிறு வேறுபாடு இருப்பதை முதன்முதலாகக் கண்டிருக்கிறார்கள். பொருள் மிஞ்சியதை விளக்க அது மட்டும் போதாது, தேடல் தொடர்கிறது. தங்கவயலில் ஆய்வுகள் 1990-களில் நின்றன, 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அந்தக் கருவிகள் இருந்த மட்டத்துக்கு அவர்கள் போனதுண்டா என்று கேட்டு, இந்த நிலையத்துக்கு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.