வீடியோ பார்த்துச் சிலாட்: பூ வரும், பழம் வருமா?

வணக்கம் மக்களே. காலை ஏழரை மணி, கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டை வீடியோ பார்த்தே கற்க முடியுமா என்று பலர் கேட்டீர்கள். பாதி வரை முடியும். அது எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

நான் தொடங்கியது துங்கால். போட்டியில் ஒருவர் தனியாகச் செய்து காட்டும் பிரிவு அது. மொத்தம் 14 ஜூருஸ், அதாவது அசைவுத் தொகுப்புகள்; அவற்றில் 100 அசைவுகள், 3 நிமிடம். முதல் 7 வெறுங்கை, அடுத்த 3 கோலோக் கத்தி, கடைசி 4 தோயா என்கிற கம்பு. ஜகார்த்தாவில் செய்தாலும் கோலாலம்பூரில் செய்தாலும் வரிசை மாறாது. அதனால் வீட்டிலிருந்து பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. நாலு பேருடைய வீடியோவை ஒப்பிட்டாலே நம் தவறு கண்ணில் பட்டுவிடும். தேடும்போது 'பென்சாக் சிலாட்' என்றும் போட்டுப் பாருங்கள், இந்தோனேசியாவில் அதுதான் பெயர்.

ஒன்று கவனியுங்கள். நம்மைப் பார்த்து நின்று செய்பவரைப் பின்பற்றாதீர்கள். நான் அப்படிப் பழகி, முதல் மூன்று ஜூருஸும் இடம் வலம் மாறிப் பதிந்துவிட்டது. திருத்த ஒரு மாதம் ஆனது. முதுகுப்பக்கமிருந்து எடுத்த வீடியோவைத் தேடி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கண் தானாகக் கைக்குத்தான் போகும், காலைப் பாருங்கள். லங்கா, அதாவது அடிவைப்பு, சரியாக இருந்தால் கை பின்னாலேயே வந்துவிடும்.

அப்புறம் முழங்கால். செம்போக், டெபோக் என்று காலைக் குறுக்கே மடித்துத் தரையோடு அமரும் நிலைகள் உண்டு. இதோ, இப்படி. பாதம் தரையில் ஒட்டியிருக்க உடம்பை மட்டும் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். இதை மட்டும் மிக மெதுவாகப் பழகுங்கள்.

தோயா பகுதி வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். சின்ன வயதில் சிலம்பம் பழகியவன், கம்பு கைக்குப் புதிதில்லை. ஆனால் மணிக்கட்டு சுழற்றிக்கொண்டே இருக்கத் துடிக்கும். தோயாவில் நிற்க வேண்டிய இடத்தில் கம்பு சட்டென்று நிற்க வேண்டும்.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன். சிலாட்டில் புங்கா, புவா என்று இரண்டு சொல் உண்டு. மலாயில் புங்கா பூ, புவா பழம். மலாய்க் கல்யாணத்தில் மணமக்கள் முன்னால், கெண்டாங் முழங்க, செருனாய் ஊத, கையை அலைபோல் விரித்து ஆடுகிறார்களே, அந்த அழகு புங்கா. எதிராளி அடிக்க வரும்போது பிடித்து, பூட்டி, வீழ்த்துவது புவா.

ஆறு மாதம் கழித்து ஒரு கெலாங்காங்குக்குப் போனேன். பயிற்சிக் களத்தை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே சிக்கு, அதாவது ஆசிரியர், என்னைப் பார்த்து, "சாப்புவான் போடு" என்றார். காலை வாரிவிடும் உத்தி. வீடியோவில் நூறு முறை பார்த்தது. வாரினேன். அவர் கால் நட்டுவைத்த தூண் மாதிரி நின்றது. பிறகு அவர் என் முழங்கையைப் பிடித்து ஒரு சாண் தூரம் இழுத்தார், அவ்வளவுதான். என் பாரமெல்லாம் முன்காலுக்குப் போனது. அந்தக் குதிகாலை அவர் பாதத்தால் தொட்டதுதான் தெரியும், நான் மெத்தையில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த இழுப்பு அதிலேயே இருக்கிறது. இத்தனை நாளும் நான் காலை மட்டுமே பார்த்திருக்கிறேன். பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கேமரா காட்டாது, இன்னொருவர் கை நம்மேல் பட்டால்தான் புரியும். அன்று புரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

பக்கத்தில் கெலாங்காங் இல்லாதவர்கள் ஒரு நண்பரையாவது கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் முன்கையை ஒட்டி வைத்து, மெதுவாகத் தள்ளி இழுத்துப் பழகினாலே பாரம் மாறுவது தெரியும். கழுத்துப் பூட்டையும் கெரம்பிட் கத்தியையும் மட்டும் வீடியோ பார்த்து முயலவே வேண்டாம்.

நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள் கெலாங்காங் போகிறேன், மற்ற நாட்களில் இதே வாசல். அடுத்த வாரம் எட்டாவது ஜூருஸ், கோலோக்கைக் கையில் எடுக்கும் இடம். மரக் கோலோக் ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை என் முதுகுப்பக்கம் வைக்கிறேன், சேர்ந்தே செய்வோம்.