இராவணன் ஏன் வெட்டினான்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பொழுதுபட்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் திருகோணமலை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பெருங்கற்பனைக் கதைகளில் வரும் பாத்திரங்களின் மனதில் என்ன இருந்தது, அவிழாத மர்மங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்களே, அது வாசிப்பை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய தம்பி, "எழுதியவர் சொல்லாததைச் சொல்ல வாசகருக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். நல்ல கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடி ஆங்கில நாவல்களுக்குப் போவதற்கு முன் நாங்கள் கோயிலுக்குப் போய் வருவோம்.

கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் படுத்திருக்கும் மரநிழலைத் தாண்டி, கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறோம். அங்கே பாறை பிளந்து கடல்வரைக்கும் இறங்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கிறோம். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் அதை எட்டிப் பார்த்திருப்போம், பின்னால் நின்ற அம்மம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டியவன் இராவணன் என்று கதை சொல்கிறது. அவன் ஏன் வெட்டினான்?

சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பாடிய பதிகத்தில் "எடுத்தவன் தருக்கை இழித்தவர்" என்கிறார். மலையை எடுத்தவனுடைய செருக்கை அடக்கியவர் சிவன் என்று அர்த்தம். அது கயிலையைத் தூக்கிய கதை. அங்கே காரணம் செருக்கு. ஆனால் எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதையில் காரணம் வேறு. நோயில் கிடந்த தாய் இருந்த இடத்திலேயே கோணேசரை வழிபடவேண்டும் என்பதற்காக அவன் இந்த மலையைப் பெயர்க்க வந்தான் என்கிறது அந்தக் கதை. கன்னியாவுக்குப் போனால் அதன் மிச்சம் கிடைக்கிறது. தாய் இறந்த செய்தி கேட்டு, அவளுக்குக் கிரியை செய்வதற்காக உண்டானவை அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்கிறார்கள். அந்தக் கதையை நம்பித்தான் எங்கள் பெரியவர்கள் தங்கள் தாய் தகப்பனுக்கான கிரியைகளை அங்கே போய்ச் செய்தார்கள்.

இரண்டு கதையிலும் ஆள் ஒருவன்தான், செய்கிற காரியமும் ஒன்றுதான். ஒரு கதையில் அவன் அகந்தை பிடித்தவன், இன்னொன்றில் தாய்க்குப் பிள்ளை. இந்த இரண்டாவது இராவணன் எங்கிருந்து வந்தான்? எப்போதோ, யாரோ ஒருவர் அந்தப் பாறையருகில் நின்று, "இவ்வளவு பெரிய சிவபக்தன் வெறும் செருக்குக்காகவா சிவன் இருக்கும் மலையில் கை வைத்தான்?" என்று யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனையைத்தான் இன்று வாசகர் ஊகம் என்கிறோம். எழுதியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் அதைச் செய்யவில்லை, தம்பி. சம்பந்தர் பாட்டுக்கும் அதனால் எந்தக் குறையும் வரவில்லை. பதிகத்தையும் பாடுகிறோம், தாயின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

என் கட்சி இதுதான். ஒருவன் என்ன செய்தான் என்பதைக் கதை சொல்லிவிடும். ஏன் செய்தான் என்று கேட்டால்தான் வாசகர் திரும்பிப் போய் மறுபடி வாசிப்பார். ஊகிக்காதவர் ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்.

இனி அந்த நாவல்களுக்கு வருவோம். ஹாரி பொட்டர் வரிசையில் ஆறாவது புத்தகம் 2005இல் வந்தது. அதன் முடிவில், கோபுரத்தின் உச்சியில், ஸ்னேப் என்ற ஆசிரியர் தன்னை நம்பிய முதியவர் டம்பிள்டோரைக் கொன்றுவிடுகிறார். ஏழாவது புத்தகம் வந்தது 2007இல். நடுவில் இரண்டு வருடம். உலகம் முழுக்க வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஸ்னேப் துரோகியா, இல்லையா?

அவர்கள் எதை வைத்து வாதாடினார்கள் என்று பாருங்கள். சாவதற்கு முன் டம்பிள்டோர் ஸ்னேப்பின் பெயரைச் சொல்லிக் கெஞ்சுகிறார். "தயவுசெய்து" என்கிறார், அவ்வளவுதான். துரோகி என்றவர்கள், "உயிருக்குக் கெஞ்சுகிறார்" என்றார்கள். மற்றவர்கள், "இந்த மனுசன் ஆறு புத்தகத்தில் எங்கேயாவது சாவுக்குப் பயந்திருக்கிறாரா? பயப்படாதவர் எதைக் கேட்டுக் கெஞ்சுவார்?" என்று பின்னோக்கித் தேடப் போனார்கள். போனவர்களுக்கு ஒரு சின்னக் காட்சி அகப்பட்டது. டம்பிள்டோரும் ஸ்னேப்பும் வாக்குவாதப்படுவதை, அதே பள்ளியில் வேலை செய்யும் ஹாக்ரிட் ஒட்டுக்கேட்டிருக்கிறான். டம்பிள்டோர் தன்னிடம் அளவுக்கு மிஞ்சி எதிர்பார்க்கிறார், இனி அதைச் செய்ய விருப்பமில்லை என்று ஸ்னேப் சொல்லியிருக்கிறார். முதல் வாசிப்பில் கண்ணில் படாமல் போகிற வரி. எதைச் செய்ய விருப்பமில்லை? அந்தக் கேள்வியோடு கோபுரத்துக்குத் திரும்பி வந்தால் "தயவுசெய்து" என்ற சொல்லே மாறிப்போகிறது. முதியவர் உயிரைக் கேட்கவில்லை, சாவைக் கேட்கிறார்.

இதை 2007க்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். கதையை வெளியே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு சொல்லை நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்னேப் யாருக்கும் பிடிக்காத ஆள். பிள்ளைகளை அவமானப்படுத்துகிற ஆசிரியர். அப்படிப்பட்டவருடைய இடத்தில் நின்று, அவருக்கும் ஒரு நியாயம் இருக்குமோ என்று இரண்டு வருடம் யோசிப்பது லேசான காரியம் அல்ல. பிடித்தவனுக்காக யாரும் வாதாடுவார்கள். பிடிக்காதவனுடைய மனதைத் தேடிப் போகப் பழக்குகிற வாசிப்பைக் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே புத்தகத்தில் ஆர்.ஏ.பி. என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் வருகிறது. யார் அது? பிளாக் குடும்பத்து ஆள் என்று பலர் சொன்னார்கள். டச்சு மொழிபெயர்ப்பில் பிளாக் குடும்பத்தின் பெயர் கறுப்பு என்ற பொருளில் ஸ்வார்ட்ஸ் என்று மாற்றப்பட்டிருந்தது. அங்கே கையெழுத்தின் கடைசி எழுத்தும் அதற்கேற்ப மாறியிருந்தது. மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதை உறுதிப்படுத்தினார்கள். பல்கலைக்கழகத்தில் பாடபேதம் பார்க்கிறவர்கள் செய்கிற வேலையை இங்கே பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "பதினேழு வருடம் ஒரு கொலையைப் பற்றிக் கதைத்து என்ன கண்டார்கள்?" என்று கேட்டார். அவர் சொன்னது ராபர்ட் ஜோர்டனின் வீல் ஒஃப் டைம் வரிசையை. 1993இல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் அஸ்மோடியன் என்பவன் ஒரு கதவைத் திறக்கிறான், எதிரே நிற்பவரைப் பார்த்துத் திடுக்கிடுகிறான், சாகிறான். யாரைப் பார்த்தான் என்று சொல்லப்படவில்லை. ஜோர்டன் 2007இல் காலமாகிவிட்டார். அவர் வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கதையைத் தொடர்ந்தார். 2010இல் வந்த புத்தகத்தின் பின்னிணைப்பில், சொல்விளக்கப் பகுதியில், கிரெண்டால் என்ற பெண்தான் கொன்றாள் என்று இருந்தது.

விடை சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த விடையில் எனக்கும் பெரிய சுவை இல்லை. ஆனால் அந்தப் பதினேழு வருடத்தில் என்ன நடந்தது? அன்றைக்கு அந்த அரண்மனைக்கு யாரால் வந்து சேர்ந்திருக்க முடியும், யாருக்கு அவன் வேண்டாதவன், யாரை அவன் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பான் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களை மனிதர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சகோதரி விடையின் அளவைப் பார்க்கிறார். நான் வாசிப்பின் அளவைப் பார்க்கச் சொல்கிறேன். தேர் வீதியைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. அதற்காக இழுத்தது வீண் என்று இந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள்.

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெட்டுப்போகும் என்ற வாதமும் வந்தது. கேம் ஒஃப் த்ரோன்ஸ் தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் முதல் புத்தகம் 1996இல் வந்தது. ஜோன் ஸ்னோ என்ற பையனின் உண்மையான பெற்றோர் யார் என்பதை, புத்தகம் வந்து கொஞ்சக் காலத்திலேயே வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர் அதை 2016இல்தான் காட்டியது. இருபது வருடம் முன்பே சரியாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக யாராவது அதைப் பார்க்காமல் விட்டார்களா? வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள் என்று கதையை மாற்றினால், முன்பே விதைத்துவைத்த தடயங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். நாங்களும் கர்ணன் யார் மகன் என்று தெரிந்துகொண்டுதான் கூத்துப் பார்க்கப் போகிறோம். குந்தி வந்து நிற்கும்போது கண்கலங்காத ஆட்கள் உண்டா?

ஒரு விஷயத்தில் எதிரணியோடு உடன்படுகிறேன். எதையும் ஆதாரம் காட்டாமல், தனக்குப் பிடித்த பாத்திரம் சாகக்கூடாது என்பதற்காக ஒருவர் எதையாவது சொன்னால் அது ஊகம் அல்ல, ஆசை. தான் நினைத்தபடி நடக்கவில்லை என்று எழுதியவரை வைவதும் பிழை. ஊகத்துக்குத் தடயம் வேண்டும். "இந்தப் பக்கத்தில், இந்த வரியில்" என்று விரல் வைத்துக் காட்டவேண்டும். அப்படிக் காட்டுகிறவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

சரி, எழுத்தாளர்கள் இதை விரும்புகிறார்களா? டோல்கினின் லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் கதையில் டொம் பொம்படில் என்று ஒருவர் வருகிறார். யார் அணிந்தாலும் மறைந்துபோகச் செய்கிற மோதிரத்தை அவர் விரலில் போட்டுப் பார்க்கிறார், மறையவில்லை. அவர் யார்? கடவுளா, பூமியின் ஆவியா? 1954இல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கின், புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்கத்தான் வேண்டும், பொம்படில் அப்படியான ஒரு புதிர், வேண்டுமென்றே வைத்தது என்ற கருத்தைச் சொல்கிறார். கதவை எழுதியவரே திறந்து வைத்திருக்கிறார். உள்ளே போகக்கூடாது என்று நாங்கள் ஏன் காவல் நிற்கவேண்டும்?

அதே 1954இல்தான் கல்கி பொன்னியின் செல்வனை முடித்தார். மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடர். மந்திர மோதிரமும் நெருப்புக் கக்கும் பறவை நாகமும் அதில் இல்லை, சரித்திரக் கதைதான். ஆனால் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக ஊகித்துக்கொண்டிருக்கும் கதை அதுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை, "நான்தான்" என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், "என் கைக் கத்திதான்" என்கிறார். இராஜராஜன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. அது தெரிந்திருந்தும் கல்கி அந்த அறையை இருட்டாக்கிவிட்டார். கடைசியில் முடிவுரை எழுதும்போதும், வாசகர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துப்போட்டுச் சிலவற்றுக்குத்தான் பதில் சொன்னார்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். சண்டைக் காலம். ஒரு புத்தகம் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. எங்களிடம் பொன்னியின் செல்வன் நான்கு பாகம் இருந்தது. ஐந்தாவது இல்லை. மின்சாரம் இல்லாத இரவுகளில் நானும் அக்காவும் அந்த ஐந்தாம் பாகத்தை நாங்களாகவே கதைத்தோம். நந்தினி கரிகாலனைக் கொல்லுவாளா? வாளை வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள், சபதம் எடுத்திருக்கிறாள், கொல்லத்தான் போகிறாள் என்றேன் நான். "கொல்லுகிறவள் இவ்வளவு நாள் ஏன் காத்திருக்கிறாள்? அவளால் முடியாது" என்றார் அக்கா. மண்ணெண்ணெய் விளக்கில் முதல் பாகத்திலிருந்து மறுபடி தொடங்கினோம், அவரவர் கட்சிக்கு ஆதாரம் தேடி. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தது அந்த மாதங்களில்தான். அதற்கு முன் எழுத்துக்கூட்டத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் பாகம் கிடைத்தபோது வாழ்க்கையில் முதல்முறையாக இரவு முழுக்க விழித்திருந்தேன். கடம்பூர் மாளிகையில் அந்த இடம் வந்தது. இருட்டு. யார் கை என்று தெரியவில்லை. நானும் தோற்கவில்லை, அக்காவும் தோற்கவில்லை.

இன்றைக்கு என் ஊகம் மாறியிருக்கிறது, நடுவர் ஐயா. கடம்பூருக்குப் போகவேண்டாம் என்று தங்கை குந்தவை ஆள் அனுப்பிச் சொன்னாள். கரிகாலன் கேட்கவில்லை. போர்க்களத்தில் பயம் அறியாத அந்த மனிதன், வீரபாண்டியனை வெட்டிய நாளிலிருந்து நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. கொலை செய்தது யாராக இருந்தாலும், கரிகாலன் அங்கே போனது சாவதற்குத்தான் என்று நினைக்கிறேன். இதை அக்காவிடம் போன வாரம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதை வாசித்துவிட்டு வந்து கதை என்றார். அவர் இங்கே முன்வரிசையில்தான் இருக்கிறார், மடியில் அந்தப் பாகத்தோடு.

நன்றி, வணக்கம்.