யானை போனாலும் அடங்காத கோட்டிசோல்

[திரையில்: ஒட்டுசுட்டான் பக்கத்து வயல், இரவு]

அறுவடைக்கு நிற்கும் நெல்லுக்குள் யானை இறங்கிவிட்டது. காவல் கொட்டிலில் இருப்பவருக்கு அந்தக் கணமே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது அதிரினலின் என்ற ஓமோன் செய்யும் வேலை. நெருக்கீட்டின்போது சுரக்கும் இன்னொரு ஓமோனான கோட்டிசோல் சற்றுப் பிந்தித்தான் வரும். மூளையில் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற பகுதி, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி சிறுநீரகங்களின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கிருந்து வரும் கோட்டிசோல் இரத்தத்தில் குளுக்கோசைக் கூட்டுகிறது. ஓடவோ யானைவெடி கொளுத்தவோ தெம்பு கிடைக்கிறது. பிறகு அதே கோட்டிசோல் மூளைக்குப் போய், சுரப்பை நிறுத்தச் சொல்கிறது.

இதை நஞ்சுபோலக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். காலையில் எல்லோருக்கும் கோட்டிசோல் உயரும், நள்ளிரவில் தாழும். அது அறவே இல்லாவிட்டால் உயிர் தரிக்காது.

[திரையில்: ஏ9 வீதி, கிளிநொச்சி]

யானை காட்டுக்குத் திரும்பிவிடும். கிழமைதோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் தவணை திரும்பாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் குந்திய தாய்மாரின் காத்திருப்புக்கு முடிவுத் திகதியே இல்லை. நெருக்கீடு இப்படி நீளும்போது, நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை மூளையில் எடுபடாமல் போகலாம். கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோட்டிசோல் உயர்ந்திருப்பதற்கு இதையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். குஷிங் நோயில் கோட்டிசோல் அளவுமீறிச் சுரக்கும். அந்த நோயாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வும் வருகிறது.

அதற்காக எல்லோர் கணக்கையும் இதிலேயே முடித்துவிட முடியாது. போரின் மனவடுவோடு வாழ்பவர்களிடம் கோட்டிசோல் வழமையைவிடக் குறைவாக இருப்பதையும் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கோட்டிசோல் சுரப்பை வழமையாக அடக்கும் டெக்சாமெதசோன் என்ற மருந்தைக் கொடுத்து, கோட்டிசோலை அளந்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று 1980களில் பெரிதாக நம்பினார்கள். அது நிலைக்கவில்லை. ஆகவே "கோட்டிசோலைக் குறைக்கும்" பவுடருக்குக் காசைக் கரைப்பது வீண்.

[திரையில்: 1926]

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள்; கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள்.