தொப்பிக்குள் விட்ட கை

நேயர்களுக்கு வணக்கம். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது, அழுதுகொண்டே பின்னால் வந்த குட்டித் தம்பியை என்ன சொல்லிச் சேர்த்துக்கொள்வோம்? ஒப்புக்குச் சப்பாணி. அவன் பிடிபட்டாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயித்த கணக்கில் வராது. கோல்ஃபில் ஹேண்டிகேப் என்றதும் பலருக்கு இந்த நினைப்புத்தான். சரியாக ஆடத் தெரியாதவருக்குப் பாவம் பார்த்துக் கொடுக்கும் சலுகை என்று. அது இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கோல்ஃப் பக்கமே போகாதவர்களுக்காக இரண்டு வரி. மொத்தம் 18 குழி. குறைந்த அடியில் முடிப்பவருக்கு வெற்றி. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு உண்டு, அதற்குப் பார் என்று பெயர். 18 குழிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 வரும். நன்றாக ஆடும் நாளில் ஒருவர் அதற்கு மேல் ஏறக்குறைய எத்தனை அடி அடிப்பார் என்று சொல்லும் எண்தான் ஹேண்டிகேப்.

பல வருடங்களுக்கு முன்னால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரோடு ஆடினேன். என் ஹேண்டிகேப் 8, அவருடையது 22. வித்தியாசம் 14. எந்தக் குழி கடினம், எது சுலபம் என்று அட்டையில் 1 முதல் 18 வரை வரிசை எண் போட்டிருப்பார்கள். அதில் 1 முதல் 14 வரை எண் உள்ள குழிகளில் அவருக்கு ஆளுக்கு ஒன்று, மன்னிக்கவும், குழிக்கு ஓர் அடி கழிவு. தோற்றவர் காலை டிபன் வாங்கித் தர வேண்டும். பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் நான் ஐந்து அடி, அவரும் ஐந்து அடி. ஆட்டம் சமன் என்று கை குலுக்கப் போனேன். பை தூக்கி வந்த கேடிப் பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், இந்தக் குழி வரிசையில ஆறாவது. அவருக்கு ஓர் அடி உண்டு. காலையிலயே அட்டையில போட்டிருக்கு சார்." பெரியவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, டிபன் உங்க கணக்கு" என்றார். இரண்டு வடை கூடுதலாகவே சாப்பிட்டார்.

அன்று எனக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால், அவர் தன்னுடைய நல்ல ஆட்டத்தை ஆடினார், நான் என்னுடையதை ஆடவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இந்தச் சொல் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய லண்டனில் இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்வார்கள். என் கடிகாரம் உனக்கு, உன் மேலங்கி எனக்கு. எது விலை குறைவோ அதற்கு மேல் எவ்வளவு காசு வைக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். பந்தயக் காசு ஒரு தொப்பியில் கிடக்கும். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்று ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். 'ஹேண்ட் இன் கேப்', தொப்பிக்குள் கை. 1660ஆம் ஆண்டு சாமுவேல் பீப்ஸ் என்பவர் தன் நாட்குறிப்பில், இப்படி ஒரு விளையாட்டை இதற்கு முன் அறிந்ததில்லை, நன்றாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரைக்குச் சுமை அதிகம். கோல்ஃபில் சுமைக்குப் பதில் அடி. பாருங்கள், இரக்கம் எங்கேயும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் விலைதான் வருகிறது.

சரி, 22 மாதிரி ஓர் எண் எப்படி வருகிறது? சராசரி என்பார்கள். சராசரி இல்லை. 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்தது. அதற்கு முன் ஆறு விதமான கணக்கு இருந்தது. இப்போது கடைசி 20 ஆட்டத்தை எடுத்து, அதில் நல்ல எட்டை மட்டும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். மீதிப் பன்னிரண்டு கணக்கிலேயே இல்லை. நல்ல எட்டு, நினைவில் வையுங்கள். அதனால் ஹேண்டிகேப் என்பது நீங்கள் வழக்கமாக ஆடும் ஆட்டம் அல்ல, உங்களால் ஆட முடிகிற ஆட்டம். அந்த எண்ணை எட்டுவதே நான்கைந்து முறைக்கு ஒருமுறைதான். "என் ஹேண்டிகேப்புக்கு ஆடவே முடியவில்லை" என்று கிளப்பில் புலம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கேட்க மாட்டார்கள்.

மைதானத்துக்கு மைதானம் கடினம் மாறுமே? மாறும். அதற்கு ஸ்லோப் என்று ஓர் எண், 55 முதல் 155 வரை. நடுத்தரம் 113. ஸ்லோப் 126 உள்ள இடத்தில், கை தேர்ந்தவர் 71 அடிப்பார் என்று மதிப்பிட்டிருக்க, நீங்கள் 92 அடித்தால் வித்தியாசம் 21. கணக்கில் ஏறுவது 18.8. கடினமான இடத்தில் பட்ட கஷ்டத்துக்கு அவ்வளவு தள்ளுபடி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஏற்றி வைத்து, போட்டி நாளில் பரிசைத் தூக்குகிறவர்கள். அதற்கும் பூட்டு உண்டு: ஓராண்டில் உங்கள் மிகக் குறைந்த எண்ணிலிருந்து மூன்றுக்கு மேல் ஏறினால் மேற்கொண்டு ஏறுவதில் பாதிதான் சேரும், ஐந்தோடு நின்றுவிடும். ஒரு குழியில் பதினொன்று அடித்தாலும் முழுதாக ஏறாது, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. அது எப்படி என்பதை... நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.